ஏழு புரதங்களோடு திறந்த வங்கி

2024 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது நிறைய பேருக்கு ஆச்சரியம். பாதிப் பரிசு அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் பேக்கருக்கு. அதில் வியப்பில்லை. மீதிப் பாதியை வாங்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் கூகிளின் டீப்மைண்ட் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். சோதனைக் குழாயைத் தொடாமல் கணினியை வைத்தே உயிரியலின் ஐம்பது வருடப் புதிரை விடுவித்துவிட்டார்கள் என்று உலகம் முழுக்கப் பேச்சு. பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கணினி எதைப் படித்துத் தேறியது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. அந்தப் பாடப் புத்தகத்தின் கதை தான் இது.

முதலில் புதிர் என்ன என்று பார்த்துவிடலாம். புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் தான் ஞாபகத்துக்கு வரும். உடம்புக்குள்ளே புரதம் என்பது ஒரு கருவி. ஆக்சிஜனைச் சுமப்பது, உணவைச் செரிப்பது, கிருமியைப் பிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புரதம். இருபது வகை அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோர்க்கப்பட்டு, அந்த மாலை தானாகவே சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது. உருவம் சரியாக இருந்தால் தான் வேலை நடக்கும். மாலையில் ஒரே ஒரு மணி மாறினாலும் ஆபத்து உண்டு. அரிவாள் செல் சோகை என்ற நோய்க்குக் காரணம், ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது, அவ்வளவு தான்! 1950களில் வெர்னான் இங்கிராம் இதைக் கண்டுபிடித்தார்.

மணிகளின் வரிசையைத் தெரிந்துகொள்வது காலப்போக்கில் சுலபமாகிவிட்டது. மடிந்த உருவத்தைப் பார்ப்பது தான் பெரும்பாடு. புரதத்தைப் படிகமாக்க வேண்டும், அதன் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்த வேண்டும், சிதறி விழும் ஆயிரக்கணக்கான புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிட வேண்டும். பல புரதங்கள் படிகமாகவே ஆகாது. கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் 1937ல் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தார். அதன் உருவம் ஓரளவு தெரிந்தது 1959ல். இருபத்திரண்டு வருடம்! அவருடன் இருந்த ஜான் கென்ட்ரூ சிறிய புரதமான மையோகுளோபினைத் திமிங்கலத் தசையிலிருந்து எடுத்து, கேம்பிரிட்ஜில் அப்போதிருந்த எட்சாக் கணினியின் உதவியோடு சற்று முந்திக்கொண்டார். 1962ல் இருவருக்கும் நோபல்.

இதே காலத்தில் சென்னையிலும் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது கூட ஆகவில்லை. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை வைத்து, கோபிநாத் கர்த்தாவும் அவரும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு உருவத்தை 1954ல் முன்வைத்தார்கள். 1963ல் வந்தது அதைவிடப் பெரிய விஷயம். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். மாலையில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் ஒரு திருப்பம் உண்டு. எந்தெந்தக் கோணத்தில் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது? கணக்குப் போட்டுப் பார்த்தால், முக்கால்வாசிக் கோணங்கள் நடக்காத காரியம். மீதமுள்ள சில தீவுகளுக்குள் தான் இயற்கை விளையாட முடியும். அப்போது அணு அளவுக்குத் தெளிவாக உருவம் தெரிந்த புரதம் மையோகுளோபின் ஒன்று தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் துணிச்சல் புரியும். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத உருவம் வெளியாகும்போது, 'ராமச்சந்திரன் வரைபடத்தில்' அது எங்கே விழுகிறது என்று சோதிக்கிறார்கள். இவருக்கு நோபல் கிடைக்காதது பலருக்கு ஆறாத குறை.

அமெரிக்காவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தை ரசாயனத்தால் பிரித்து நேராக்கினார். அது வேலையை நிறுத்திவிட்டது. ரசாயனத்தை நீக்கியதும் தானாகவே பழையபடி மடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டது! அப்படியானால் மடிவதற்கான குறிப்பு முழுவதும் மாலையின் வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று தான் அர்த்தம். 1972ல் இவருக்கும் நோபல். வரிசையிலிருந்து உருவத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்ற ஆசை பிறந்தது இங்கே தான். ஆனால் 1969லேயே சைரஸ் லெவிந்தால் ஒரு முட்டுக்கட்டையைச் சுட்டிக்காட்டிவிட்டார். சாத்தியமான மடிப்புகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. புரதமோ கண் இமைப்பதற்குள் மடிந்துவிடுகிறது.

சரி, இப்போது வங்கிக்கு வருவோம். 1971ல் தெரிந்த புரத உருவங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஹெலன் பெர்மன் போன்ற சில இளம் ஆய்வாளர்கள், இந்தத் தகவல்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று பேசிவந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இருந்த வால்டர் ஹாமில்ட்டன் அதை ஏற்றுக்கொண்டார். 'புரோட்டீன் டேட்டா பேங்க்' திறந்தது. முதலீடு ஏழு புரதங்கள். கேட்டவர்களுக்குக் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். இரண்டே வருடத்தில், 1973ல், ஹாமில்ட்டன் இறந்துபோனார். வங்கி இறக்கவில்லை.

ஆனால் போடுகிறவர்கள் தான் குறைவு. வருடக்கணக்கில் பாடுபட்டுப் பெற்ற அணுக்களின் ஆயத்தொலைவுகளைச் சும்மா தூக்கிக் கொடுக்க மனம் வருமா? ஆய்விதழில் வண்ணப்படத்தோடு கட்டுரை வரும். எண்கள் மட்டும் ஆய்வாளரின் மேசை இழுப்பறையில் இருக்கும். பொறுமையிழந்த சிலர் அச்சான படங்களை அளந்து எண்களைத் திரும்பப் பெற முயன்றார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். எண்களைப் பூட்டி வைத்தவர்களை வெறும் சுயநலக்காரர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த உருவத்தை வைத்து அடுத்த கட்டுரை எழுத வேண்டிய மாணவர் ஒருவர் அந்த ஆய்வகத்திலேயே இருப்பார். அவரை முந்திக்கொண்டு வேறொருவர் எழுதிவிட்டால் அவருடைய ஐந்து வருட உழைப்பு போச்சு. ஆனாலும், மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆய்வு பூட்டிக் கிடக்கலாமா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது.

1980களின் இறுதியில் யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட்ரிக் ரிச்சர்ட்ஸ் கையெழுத்து இயக்கமே நடத்தினார். எண்களை வங்கியில் போட்டால் தான் கட்டுரை என்று ஆய்விதழ்கள் மெல்ல மெல்ல விதி கொண்டுவந்தன. ஒரு வருடம் வரை மூடி வைத்துக்கொள்ளலாம் என்று சலுகையும் கொடுத்தார்கள். பிற்பாடு அதுவும் போயிற்று. விவாதம் நடந்த அதே வருடங்களில் எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெச்.ஐ.வி. கிருமியின் புரோட்டியேஸ் என்ற புரதத்தின் உருவம் 1989ல் வெளியானது. அதன் பள்ளத்தில் பொருந்தி அடைக்கிற முதல் மருந்துக்கு 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உருவம் தெரிவது என்பது யாரோ ஒருவரின் உயிர் விஷயம்.

வங்கி வளர வளர, கணினிக்காரர்களும் நாங்கள் உருவத்தைக் கணித்துவிட்டோம் என்று அடிக்கடி அறிவிக்க ஆரம்பித்தார்கள். விடை தெரிந்த கேள்விக்கு விடை சொல்வது பெரிய வித்தையா என்ன? ஜான் மோல்ட் 1994ல் இதற்கு ஒரு நேர்மையான தேர்வு வைத்தார். பெயர் காஸ்ப். சோதனையில் உருவம் தெரிந்தும் இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் வரிசையை மட்டும் கொடுப்பார்கள். எல்லோரும் கணித்து அனுப்ப வேண்டும். பிறகு விடைத்தாள் திறக்கப்படும். மதிப்பெண் நூற்றுக்கு. தொண்ணூறைத் தொட்டால் சோதனைக்குச் சமம் என்று ஒரு கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடந்த இந்தத் தேர்வில் கடினமான கேள்விகளுக்கு வெகுகாலம் எல்லோருமே ஃபெயில் தான். இப்படிப் பொதுவில் தோற்பதற்கு ஒரு துறையே சம்மதித்தது அபூர்வமான விஷயம்.

இடையில் பொதுமக்களும் உள்ளே வந்தார்கள். 2000ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், வீட்டில் சும்மா இருக்கும் கணினிகளைக் கடன் வாங்கிப் புரதம் மடிவதைக் கணக்கிட்டது. 2008ல் பேக்கரின் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபோல்டிட் என்ற விளையாட்டு வந்தது. திரையில் தெரியும் புரதத்தை மவுஸால் இழுத்து மடிக்க வேண்டும், நன்றாக மடித்தால் புள்ளிகள் ஏறும். ஆடியவர்களில் பெரும்பாலானோர் உயிர்வேதியியல் படிக்காதவர்கள். குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் புரோட்டியேஸ் பத்து வருடத்துக்கு மேல் நிபுணர்களுக்கு டிமிக்கி கொடுத்துவந்தது. இந்த ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் அதற்கு நல்ல மாதிரி ஒன்றை மடித்துக் கொடுத்தார்கள். 2011ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஆட்டக்காரர்களின் குழுக்களும் உண்டு. தன் யோசனைக்கு ஒரு தூண்டுதல் ஃபோல்டிட் என்று ஹசாபிஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய குழுவின் ஆல்ஃபாஃபோல்ட் 2018 காஸ்ப் தேர்வில் முதலிடம் வந்தது. 2020ல் முழுதாக மாற்றி எழுதப்பட்ட இரண்டாம் பதிப்பின் இடைநிலை மதிப்பெண் 92.4! சூட்சுமம் என்ன? ஒரே புரதம் பல உயிரினங்களில் சிறுசிறு மாற்றங்களோடு இருக்கும். மாலையில் இரண்டு இடங்கள் எப்போதும் சேர்ந்தே மாறினால், மடிந்த நிலையில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். இந்தத் தடயத்தை மற்றவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். டீப்மைண்ட் அதை ஆழ்கற்றலோடு இணைத்தது. அந்தக் கற்றலுக்குப் பாடம், வங்கியில் 2020க்குள் சேர்ந்திருந்த சுமார் 1,70,000 உருவங்கள். அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் படிகம் வராமல் தூக்கம் கெட்ட ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்திருப்பார்.

ஜெர்மனியின் ஆந்திரேய் லூபாஸ் அந்த வருடத் தேர்வின் மதிப்பீட்டாளர்களில் ஒருவர். ஒரு புரதத்தின் எக்ஸ் கதிர்த் தரவு கையில் இருந்தும் பத்து வருடமாக அவரால் உருவத்தைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆல்ஃபாஃபோல்ட் கணித்த மாதிரியை வைத்துப் பார்த்தபோது அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்காகப் புதிர் முழுவதும் தீர்ந்துவிட்டது என்பது கொஞ்சம் அதிகம். மடிந்து முடிந்த உருவத்தைத் தான் இது சொல்கிறது. எந்த வழியாக மடிந்தது என்ற லெவிந்தாலின் கேள்விக்கு இது பதில் அல்ல. நிலையான உருவமே இல்லாமல் நெளிந்துகொண்டிருக்கும் புரதங்களும் ஏராளம். உருவத்திலிருந்து மருந்து வரைக்கும் உள்ள தூரமும் அப்படியே தான் இருக்கிறது.

2021 ஜூலையில் ஆல்ஃபாஃபோல்ட் இரண்டின் நிரல் வெளியிடப்பட்டது. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தோடு சேர்ந்து, கணித்த உருவங்களையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2022ல் அந்த எண்ணிக்கை 20 கோடியைத் தாண்டியது. வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. ஆனால் 2024 மே மாதம் மூன்றாம் பதிப்பு பற்றிய கட்டுரை நிரல் இல்லாமலே வந்தது! இணையதளத்தில் ஒரு நாளைக்கு இத்தனை முறை தான் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பழைய இழுப்பறைச் சண்டை புதிய உருவில் திரும்பிவிட்டது. இந்த முறை இழுப்பறை ஒரு நிறுவனத்துடையது. நவம்பரில் கல்வி ஆய்வுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு நிரல் வெளியானது. அதற்குள் அதே போன்ற மென்பொருளைத் தாங்களே எழுத வேறு சில குழுக்கள் இறங்கிவிட்டிருந்தன. அவர்கள் பாடம் படித்ததும் புரூக்ஹேவனில் ஏழு புரதங்களோடு திறந்த அதே வங்கியில் தான்.