ஜேம்ஸ் பாண்ட் கதாபாத்திரத்தில் நடிகர் மாற்றம்

ஜேம்ஸ் பாண்ட் கதாபாத்திரத்தில் நடிகர் மாற்றம் என்பது, ஈயான் புரொடக்சன்ஸ் நிறுவனம் 1962 முதல் தயாரித்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத் தொடரில் கதாநாயகன் வேடம் ஒரு நடிகரிடமிருந்து மற்றொரு நடிகருக்குக் கைமாறிய நிகழ்வுகளைக் குறிக்கும். 1962 இல் வெளியான டாக்டர் நோ முதல் 2021 இல் வெளியான நோ டைம் டு டை வரையிலான 25 திரைப்படங்களில் ஆறு நடிகர்கள் இவ்வேடத்தை ஏற்றனர். பெயர், தொழில், 007 என்னும் குறியெண் ஆகியவை மாறாதிருக்க, அவற்றைத் தாங்கும் நடிகர் மட்டும் மாறுவது இத்தொடரின் சிறப்பியல்பு ஆகும்.

நீண்ட காலம் தொடரும் சாகசத் திரைப்படத் தொடர்கள் அனைத்திற்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. கதாபாத்திரத்திற்கு வயது ஏற வேண்டியதில்லை. நடிகருக்கு ஏறியே தீரும். இச்சிக்கலுக்குப் பெரும்பாலும் மூன்று தீர்வுகள் கையாளப்படுகின்றன.

1. வேறு நடிகரைத் தெரிவு செய்து, கதையை அப்படியே தொடர்தல்.
2. கதாபாத்திரத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்லுதல் (மறுதொடக்கம்).
3. அதே நடிகரை வைத்துக்கொண்டு, நாயகனின் முதுமையையே கதைப்பொருளாக்குதல்.

ஜேம்ஸ் பாண்ட் தொடர் இம்மூன்றையும் வெவ்வேறு காலங்களில் கையாண்டுள்ளது.

மூலக் கதையில் பாண்டின் வயது

ஜேம்ஸ் பாண்ட் கதாபாத்திரத்தைப் படைத்தவர் ஆங்கில எழுத்தாளர் இயான் பிளெமிங் ஆவார். முதல் புதினமான காசினோ ராயல் 1953 இல் வெளியானது. 1955 இல் வெளியான மூன்ரேக்கர் புதினத்தில், இரட்டைச் சுழியம் குறியெண் கொண்ட உளவாளிகள் 45 வயதில் அப்பணியிலிருந்து விலக்கப்படுவர் என்றும், பாண்டுக்கு அதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் உள்ளன என்றும் கூறப்படுகிறது. அதாவது, நாயகனுக்கு வயது வரம்பு உண்டு என்பதை மூல ஆசிரியரே வகுத்திருந்தார். திரைப்படத் தொடர் இவ்வரம்பைப் பின்பற்றவில்லை. மூன்றாவது நடிகரான ரோஜர் மூர், தமது முதல் பாண்ட் திரைப்படம் வெளியானபோதே 45 வயதை எட்டியிருந்தார்.

பாண்ட் வேடமேற்ற நடிகர்கள்

கீழே ஈயான் தயாரிப்புகள் மட்டும் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளன. வயது, திரைப்படம் வெளியான காலத்தில் நடிகருக்கு இருந்த வயதாகும்.

- ஷான் கானரி: 1962–1967, 1971, 6 திரைப்படங்கள், 32 முதல் 41 வயது வரை
- ஜார்ஜ் லேசன்பி: 1969, 1 திரைப்படம், 30 வயது
- ரோஜர் மூர்: 1973–1985, 7 திரைப்படங்கள், 45 முதல் 57 வயது வரை
- டிமோதி டால்டன்: 1987–1989, 2 திரைப்படங்கள், 41 முதல் 43 வயது வரை
- பியர்ஸ் பிராஸ்னன்: 1995–2002, 4 திரைப்படங்கள், 42 முதல் 49 வயது வரை
- டேனியல் கிரெய்க்: 2006–2021, 5 திரைப்படங்கள், 38 முதல் 53 வயது வரை

மாற்றங்களின் வரலாறு

கானரியும் லேசன்பியும்

தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் ஆர். புரொக்கோலி, ஹாரி சால்ட்ஸ்மன் ஆகியோர் ஸ்கொட்லாந்து நடிகரான ஷான் கானரியை முதல் பாண்டாகத் தெரிவு செய்தனர். அவரது நடிப்பின் தாக்கம் மூலக் கதையையும் எட்டியது. 1964 இல் வெளியான யூ ஒன்லி லிவ் ட்வைஸ் புதினத்தில் பாண்டின் தந்தை ஸ்கொட்லாந்துக்காரர் எனப் பிளெமிங் எழுதினார்.

ஊதியம் தொடர்பான மனக்கசப்பு, செய்தியாளர்களின் ஓயாத நெருக்கடி, ஒரே வேடத்தில் முடங்கிவிடும் அச்சம் ஆகியவற்றால் கானரி 1967 ஆம் ஆண்டுத் திரைப்படத்துடன் விலகினார். ஆகவே, இத்தொடரின் முதல் நடிகர் மாற்றத்திற்கு முதுமை காரணமன்று.

அடுத்து வந்த ஜார்ஜ் லேசன்பி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விளம்பர மாதிரி நடிகர். முன்னர் திரைப்படத்தில் முக்கிய வேடம் ஏற்றவர் அல்லர். ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் திரைப்படத்தின் முன்கதைக் காட்சியிலேயே, முந்தைய நடிகரைச் சுட்டும் நகைச்சுவை வசனம் ஒன்று அவருக்குத் தரப்பட்டது. பார்வையாளர் மனத்தில் எழக்கூடிய ஒப்பீட்டை மறைக்காமல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட முயற்சி இது. பாண்ட் போன்ற நாயகனின் காலம் முடிந்துவிட்டது என்ற ஆலோசகரின் கருத்தை ஏற்று, லேசன்பி ஒரே திரைப்படத்துடன் விலகினார். அவர் விலகிய பின்னும் தொடர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அவருக்கோ அதற்கு இணையான வாய்ப்பு மீண்டும் அமையவில்லை.

1971 இல் டைமண்ட்ஸ் ஆர் பாரெவர் திரைப்படத்திற்காகக் கானரி மீண்டும் அழைக்கப்பட்டார். இதற்கு அவர் பெற்ற 12.5 இலட்சம் அமெரிக்க டாலர் ஊதியம் அக்காலத்தில் மிகப் பெரிய தொகையாகும். இத்தொகையை அவர் ஸ்கொட்லாந்து பன்னாட்டுக் கல்வி அறக்கட்டளைக்கு வழங்கினார்.

ரோஜர் மூர்

ரோஜர் மூர் 1927 இல் பிறந்தவர். கானரியை விட மூன்று ஆண்டுகள் மூத்தவர். எனவே 1973 ஆம் ஆண்டின் மாற்றத்தில் நாயகன் இளமையாக்கப்படவில்லை. மாறாக அவனது இயல்பு மாற்றப்பட்டது. முரட்டுத்தனம் குறைந்து நகைச்சுவை மிகுந்தது. ஒப்பீட்டைத் தவிர்க்கும் வகையில், மார்ட்டினி மதுவைக் கேட்டு வாங்கும் வழக்கமான காட்சியும், கியூ கதாபாத்திரமும் லிவ் அண்ட் லெட் டை திரைப்படத்தில் இடம்பெறவில்லை.

1983 இல் வெளியான ஆக்டோபுஸி திரைப்படத்தின் ஒரு பகுதி இந்தியாவின் உதயப்பூரில் படமாக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் இதில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக நடித்தார். 1985 இல் எ வியூ டு எ கில் வெளியானபோது மூருக்கு வயது 57. இக்காலத் திரைப்படங்களில் ஓட்டம், தாவல் முதலிய காட்சிகளில் டூப் நடிகர்கள் பெருமளவு பயன்படுத்தப்பட்டனர். நாயகனின் வயது விமர்சகர்களால் வெளிப்படையாகச் சுட்டப்பட்டது இத்திரைப்படத்திலேயே ஆகும். அதன் பின் மூர் விலகினார்.

டால்டனும் பிராஸ்னனும்

மூருக்குப் பின் 1986 இல் தெரிவு செய்யப்பட்டவர் அயர்லாந்து நடிகர் பியர்ஸ் பிராஸ்னன் ஆவார். அவர் நடித்துவந்த ரெமிங்டன் ஸ்டீல் தொலைக்காட்சித் தொடர் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. பாண்டாக நடிக்கப்போகிறார் என்ற செய்தியால் அத்தொடர் மீது மக்களின் ஆர்வம் மிகுந்தது. தொலைக்காட்சி நிறுவனம் ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்தித் தொடரைப் புதுப்பித்ததால், பாண்ட் வேடம் அவரது கையை விட்டுப் போனது. வாய்ப்பு டிமோதி டால்டனுக்குச் சென்றது.

டால்டன் பிளெமிங்கின் புதினங்களை அடியொற்றி, கடுமையும் மனச்சோர்வும் கொண்ட பாண்டாக நடித்தார். 1989 க்குப் பின் எழுந்த சட்டச் சிக்கல்களால் ஆறு ஆண்டுகள் எந்தத் திரைப்படமும் வெளிவரவில்லை. 1994 இல் டால்டன் விலக, 1995 இல் கோல்டன்ஐ திரைப்படத்தின் மூலம் பிராஸ்னன் பாண்டானார். பனிப்போர் முடிந்த உலகில் இத்தகைய நாயகனுக்கு இடமுண்டா என்ற கேள்வியை இத்திரைப்படம் எழுப்பியது. இங்கு பழமையானதாகக் காட்டப்பட்டது நடிகரின் உடல் அன்று, கதாபாத்திரம் பிறந்த காலமே ஆகும்.

கிரெய்க்: மறுதொடக்கம்

2002 இல் வெளியான டை அனதர் டே வணிக வெற்றி பெற்றபோதும், தயாரிப்பாளர்கள் தொடரைப் புதிதாகத் தொடங்க முடிவு செய்தனர். 2005 இல் டேனியல் கிரெய்க்கின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, அவரது பொன்னிற முடியும் தோற்றமும் பாண்டுக்குப் பொருந்தாதவை என எதிர்ப்பு எழுந்தது. 2006 இல் காசினோ ராயல் வெளியான பின் இவ்வெதிர்ப்பு பெரிதும் அடங்கியது.

இத்திரைப்படத்தில் பாண்ட் 007 குறியெண்ணைப் பெறும் தொடக்க நிலையிலிருந்து கதை சொல்லப்பட்டது. முந்தைய 20 திரைப்படங்களின் நிகழ்வுகள் கைவிடப்பட்டன. எனினும், பிராஸ்னன் காலத்தில் எம் என்னும் தலைவர் வேடமேற்ற ஜூடி டென்ச் இங்கும் அதே வேடத்தில் தொடர்ந்தார்.

தொடர்ச்சியைக் காத்த கூறுகள்

2002 வரை நாயகன் மாறியபோதெல்லாம், துணைக் கதாபாத்திரங்களே தொடர்ச்சியைத் தாங்கின.

- எம் வேடத்தில் பெர்னார்ட் லீ 1962 முதல் 1979 வரை 11 திரைப்படங்களில் நடித்தார்.
- மணிபென்னி வேடத்தில் லோயிஸ் மாக்ஸ்வெல் 1962 முதல் 1985 வரை 14 திரைப்படங்களில் நடித்தார்.
- கியூ வேடத்தில் டெஸ்மண்ட் லெவலின் 1963 முதல் 1999 வரை 17 திரைப்படங்களில் நடித்தார்.

லெவலின் ஐந்து பாண்ட் நடிகர்களுடன் நடித்தவர். நாயகன் இளமையாகவே இருக்க, அவனுக்குக் கருவிகள் வழங்குபவர் கண்முன்னே முதுமையடைந்தார். துப்பாக்கிக் குழல் வழியாகப் பார்க்கும் தொடக்கக் காட்சி, மான்டி நார்மனின் பெயரில் அமைந்த கருப்பொருள் இசை ஆகியனவும் புதிய முகத்தைப் பழகிய சூழலில் நிறுத்த உதவின.

குறிப்பெயர்க் கருதுகோள்

ஜேம்ஸ் பாண்ட் என்பது ஒருவரின் இயற்பெயர் அன்று, பணியில் சேர்வோருக்கு வழங்கப்படும் குறிப்பெயர் என்னும் கருதுகோள் இரசிகர்களிடையே நிலவுகிறது. நடிகர் மாற்றங்களுக்கு இது எளிய விளக்கம் தருகிறது. ஆனால் திரைப்படங்களில் உள்ள சான்றுகள் இதற்கு எதிராகவே உள்ளன.

1969 இல் லேசன்பி நடித்த பாண்டின் மனைவி டிரேசி கொல்லப்படுகிறார். 1977 இல் மூர் நடித்த பாண்டிடம் இத்திருமணம் குறித்துப் பேசப்படுகிறது. 1981 இல் அவரே டிரேசியின் கல்லறைக்குச் செல்கிறார். 1989 இல் டால்டன் நடித்த பாண்ட் முன்னர் மணமானவர் எனக் குறிப்பிடப்படுகிறது. மூன்று நடிகர்களும் ஒரே மனிதனின் துயரைச் சுமக்கின்றனர் என்பதே இதன் பொருள். 2012 இல் வெளியான ஸ்கைபால் திரைப்படத்தில் பெற்றோரின் கல்லறையிலும் பாண்ட் என்னும் குடும்பப் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது.

முதுமை கதைப்பொருளாதல்

முதிய பாண்டைக் காட்டும் முயற்சி முதலில் ஈயான் நிறுவனத்திற்கு வெளியிலேயே நிகழ்ந்தது. 1967 இல் வெளியான நையாண்டித் திரைப்படமான காசினோ ராயலில், 57 வயதான டேவிட் நிவென் ஓய்வு பெற்ற பாண்டாக நடித்தார். 1983 இல், தண்டர்பால் கதையின் திரையுரிமை தொடர்பான வழக்குகளின் விளைவாக நெவர் சே நெவர் அகெய்ன் வெளியானது. 53 வயதான கானரி இதில் மீண்டும் பாண்டாக நடித்தார். உடல் தளர்ந்த பாண்ட் நலவாழ்வு விடுதிக்கு அனுப்பப்படுவதாகக் கதை அமைந்தது. இதே ஆண்டில் மூரின் ஆக்டோபுஸியும் வெளியானதால் இரு பாண்டுகள் போட்டியிடும் நிலை உருவானது. வசூலில் ஆக்டோபுஸி முந்தியது.

ஈயான் தொடரில் இக்கருப்பொருள் ஸ்கைபால் திரைப்படத்தில் முழுமை பெற்றது. காயமடைந்து திரும்பும் பாண்ட் உடற்தகுதி, துப்பாக்கிச் சுடுதல் தேர்வுகளில் தோல்வியடைகிறார். எம் அதை மறைத்து அவரைப் பணிக்கு அனுப்புகிறார். கியூ வேடத்திற்கு இளம் நடிகர் பென் விஷா தெரிவு செய்யப்பட்டதால், லெவலின் காலத்து வயது வேறுபாடு தலைகீழானது. உலகளவில் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த முதல் பாண்ட் திரைப்படம் இதுவாகும்.

2021 இல் வெளியான நோ டைம் டு டை, பாண்ட் ஓய்வு பெற்ற நிலையையும், 007 குறியெண் வேறொருவருக்கு வழங்கப்பட்டதையும் காட்டியது. முடிவில் பாண்ட் உயிரிழக்கிறார். ஈயான் தொடரில் பாண்டின் மரணம் மெய்யாகவே நிகழ்வது இதுவே முதன்முறை ஆகும்.

பிற திரைப்படத் தொடர்களுடன் ஒப்பீடு

இந்தியானா ஜோன்ஸ் தொடரின் ஐந்து திரைப்படங்களிலும் (1981–2023) ஹாரிசன் போர்ட் நடித்தார். நாயகனின் இளமைப் பருவத்திற்கு மட்டும் 1989 இல் ரிவர் பீனிக்ஸ் நடித்தார். அத்திரைப்படத்தில் நாயகனின் தந்தையாக நடித்தவர் ஷான் கானரி. இருவருக்கும் வயது வேறுபாடு 12 ஆண்டுகளே. 2023 இல் வெளியான ஐந்தாம் திரைப்படத்தில், 80 வயதான போர்டின் முகம் 1944 இல் நிகழும் தொடக்கக் காட்சிகளுக்காகக் கணினி உதவியுடன் இளமையாக்கப்பட்டது.

ராக்கி தொடரில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த குத்துச்சண்டை வீரர், 2015 இல் வெளியான கிரீட் திரைப்படத்தில் பயிற்சியாளராக மாறினார். களம் இளைய தலைமுறைக்கு விடப்பட்டது. இவ்வேடத்திற்காக ஸ்டாலோன் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

மேட் மேக்ஸ் தொடரில் மெல் கிப்சன் மூன்று திரைப்படங்களில் (1979–1985) நடித்தார். 30 ஆண்டுகளுக்குப் பின், 2015 இல் டாம் ஹார்டி அவ்வேடத்தை ஏற்றார். இயக்குநர் ஜார்ஜ் மில்லர் மாறாததால், நாயகனின் முகம் மாறியும் திரைப்படத்தின் உலகம் மாறவில்லை.

டெர்மினேட்டர் தொடரில் நாயகன் ஓர் இயந்திரம் என்பதால் முதுமைக்குத் தனி விளக்கம் தேவைப்பட்டது. இயந்திரத்தின் மேலுள்ள உயிருள்ள தோல் மனிதத் தோலைப் போலவே முதுமையடையும் என்று 2015 ஆம் ஆண்டுத் திரைப்படம் கூறி, ஆர்னோல்ட் சுவார்செனேகரின் தோற்றத்திற்குக் காரணம் கற்பித்தது.

முகத்தோடு ஒன்றிவிட்ட நாயகனை மாற்றுவது கடினம். பெயரோடும் அடையாளங்களோடும் ஒன்றிய நாயகனை மாற்றுவது எளிது. இந்தியானா ஜோன்ஸ் முதல் வகைக்கும் பாண்ட் இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள். லேசன்பியின் ஒற்றைத் திரைப்படம் இதற்கான முதல் சோதனை என்று கருதலாம். அப்போது தொடர் நின்றுபோயிருந்தால், பாண்ட் கானரியின் வேடமாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

2021 க்குப் பின்

2025 பெப்ரவரியில், தொடரின் படைப்புரிமைக் கட்டுப்பாடு பார்பரா புரொக்கோலி, மைக்கேல் ஜி. வில்சன் ஆகியோரிடமிருந்து அமேசான் எம்ஜிஎம் ஸ்டுடியோசுக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சூன் மாதத்தில், அடுத்த திரைப்படத்தின் இயக்குநராக டெனி வில்நோவ் அறிவிக்கப்பட்டார். நோ டைம் டு டை திரைப்படத்தில் பாண்ட் இறந்தபோதும், பெயர்ப் பட்டியலின் முடிவில் ஜேம்ஸ் பாண்ட் மீண்டும் வருவார் என்னும் வழக்கமான அறிவிப்பு இடம்பெற்றிருந்தது.

இவற்றையும் பார்க்கவும்

- இயான் பிளெமிங்
- ஷான் கானரி
- விஜய் அமிர்தராஜ்
- இந்தியானா ஜோன்ஸ்