ஜேடர்பாளையம் காவிரி: வந்தவர்கள், போனவர்கள், எழுதி வைக்க மறந்தவர்கள்



ஜேடர்பாளையம் படுகை அணைக்குப் போயிருக்கீங்களா? நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆனா அணையில் ஒரு குளியல், அப்புறம் கரையோரக் கடையில் சுடச்சுட வறுத்த மீன்.

அந்தத் தட்டில் இருக்கும் மீனைக் கொஞ்சம் விசாரிப்போமா?

ஜிலேபி மீன் என்றால், அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மொசாம்பிக் திலேப்பியா என்பது அதன் முழுப்பெயர். 1952ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து குளம், ஏரி, ஆறு எல்லாம் பரவிவிட்டது.

கட்லா, ரோகு என்றால் அவை வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். வளர்ப்புக்காக இங்கே கொண்டு வந்து விடப்பட்டவை.

அப்படின்னா காவிரியின் சொந்த மீன்கள் எங்கே போச்சு?

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். சொல்றேன்.

ஒரு நோயாளி வந்து உட்கார்ந்ததும் நான் கேட்பது, "பழைய சீட்டு இருக்குங்களா?" இன்றைக்கு ஒருவருக்குச் சர்க்கரை 180 இருக்கிறது. போன மாதம் 300 இருந்து இறங்கியதா, 110 இருந்து ஏறியதா? பழைய சீட்டு இருந்தால்தான் எனக்குத் தெரியும்.

ஆற்றுக்கும் பழைய சீட்டு வேணும்.

காவிரிக்கு அப்படி ஒரு சீட்டை எழுதி வைத்தவர்களில் இரண்டு பேர் மருத்துவர்கள் என்பது எனக்கே ஆச்சரியம்.

ஒருவர் தாமஸ் ஜெர்டான். 1836ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக மெட்ராஸ் வந்தவர். 1849ல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். காவிரியில் வாழும் ஒரு பெரிய கெண்டைக்குக் 'கர்நாடிகஸ்' என்று அறிவியல் பெயர் கிடைத்தது அவரால்தான்.

இன்னொருவர் பிரான்சிஸ் டே. இவரும் மெட்ராஸ் மருத்துவப் பணியில் இருந்தவர். 1867ல் பவானி ஆற்றின் மீன் ஒன்றை உலகுக்கு முதன்முதலில் அறிவித்தார். 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூலை வெளியிட்டார். அதில் மீன்களுக்கு நம்ம ஊர்க்காரங்க சொன்ன தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறார்.

மீனின் நீளம், செதில், நிறம் இதோடு நிற்கவில்லை டே. அணைக்கட்டுகள் மீன்களின் வழியை மறிக்கின்றன என்று 1873லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

அவர் பயந்தது நடந்தது. உல்லம் மீனைப் பாருங்க.

வங்காளத்தில் ஹில்சா என்று கொண்டாடுகிறார்களே, அதேதான். கடலில் வாழும். ஆற்றில் வெள்ளம் வரும்போது முட்டையிட மேலேறி வரும். ஒரு காலத்தில் பூம்புகார் கடலில் இருந்து ஏறி மேட்டூர் பக்கம் வரை வந்தது. மேட்டூர் வரை வந்த மீன் ஜேடர்பாளையத்தைத் தாண்டாமல் போயிருக்க முடியாது.

1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். 1934ல் மேட்டூர் அணை முடிந்தது. அதற்கப்புறம் பழையபடி வெள்ளம் கடல் வரை ஓடவில்லை. மீனுக்குப் பாதையும் இல்லை, "இப்ப கிளம்பு" என்று சொல்லும் வெள்ளமும் இல்லை. உல்லத்தின் வரத்து தேய்ந்து போனது.

மேட்டூர் அணை இல்லையென்றால் டெல்டாவுக்குச் சோறு இல்லை. அணையைக் குறை சொல்லவில்லை நான். ஒரு மருந்து கொடுத்தால் பக்கவிளைவையும் சீட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு மீன் மஹசீர். முதுகில் திமில் போலத் தூக்கிய காவிரி மஹசீர். 1946ல் காவிரியின் துணையாறான கபினியில் ஒருவர் தூண்டிலில் பிடித்தது 54 கிலோ! ஒரு ஆள் எடை. உலகம் முழுவதிலுமிருந்து தூண்டிலோடு தேடி வந்த இந்த மீனின் அறிவியல் பெயர் எது என்பது உறுதியானது 2018ல்தான். அதே ஆண்டு மிக அருகிய இனம் என்று சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. பேர் வைக்கிறதுக்கும் ஐ.சி.யூ.வில் சேர்க்கிறதுக்கும் ஒரே வருஷம்.

சரி, "வெளியூரிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது, விரட்டு" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. கரைப்பக்கம் வாங்க.

பரமத்தி வட்டாரத்தை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது ராஜ வாய்க்கால். ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ராஜ வாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று பிரிந்து ஓடும் இந்தத் தண்ணீரில்தான் பரமத்தி வேலூர் வெற்றிலையும் வாழையும் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் போகும் கரும்பும் விளைகின்றன.

இந்த மூன்றுமே ஆதியில் தென்கிழக்கு ஆசியா, அதையடுத்த தீவுகள் பக்கமிருந்து வந்தவைதான். ஆனால் கொடிக்காலுக்குள் போய் நின்று பாருங்க. அகத்தி மரத்தில் வெற்றிலைக்கொடி ஏறியிருக்கும், கீழே ஈரம், மேலே நிழல், நடுவே தவளை, தட்டான், குருவி. வந்தவை அக்கம்பக்கத்தை வாழ வைக்கின்றன.

சீமைக்கருவேலமும் வந்ததுதான். 1877 வாக்கில் விறகுக்காக மெட்ராஸ் மாகாண வனத்துறை வரவழைத்தது. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்தது. இவை வந்த இடத்தில் வேறு எதையும் முளைக்க விடுவதில்லை. ஆகாயத்தாமரை மூடிய நீரில் வெளிச்சமும் குறையும், ஆக்சிஜனும் குறையும். ஜிலேபி மீனும் இதே ரகம். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் பிழைப்பது அதிகம். சில மாதத்திலேயே அடுத்த தலைமுறை தயார். நாட்டுமீனின் தீனியும் இடமும் பறிபோகும்.

ஆக, எங்கிருந்து வந்தாய் என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறாய் என்பதுதான் கேள்வி. நம் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் எழுதினால் ஆள் தாங்க மாட்டார்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்குதுங்க. 'சும்மா வளர்ந்து கிடக்கு' என்று நாம் தீ வைக்கும் நாணல்.

1912ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் ஆகியோர் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் நாணலையும் கலந்தார்கள். பிறந்தது கோ 205. 1918ல் பஞ்சாப் விவசாயிகளுக்குப் போனது. இன்று உலகில் பயிராகும் கரும்பு ரகங்களில் பெரும்பாலானவற்றில் நாணலின் ரத்தம் இருக்கிறது. நோய் தாங்குவதும் வறட்சி தாங்குவதும் அந்தப் புல் கொடுத்த சீதனம். பிலிக்கல்பாளையம் சந்தையில் அடுக்கியிருக்கும் வெல்லத்தைப் பார்த்தால், ஆற்றங்கரை நாணலுக்கும் ஒரு கும்பிடு போடுங்க.

எது களை, எது நாளைய மருந்து என்று பட்டியல் இல்லாமல் எப்படிச் சொல்வது?

பிரான்சில் 1982லேயே இயற்கை வளம் மிக்க இடங்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு குக்கிராமத்தின் பெயரைத் தட்டினால், அங்கு இதுவரை பதிவான செடி, பறவை, பூச்சிகளின் பட்டியல் இணையத்தில் வருகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நமக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது. பதிவேடு நிரம்புவது, ஊர்க்காரர்கள் வாய் திறந்து சொல்வதில்தான் இருக்கிறது.

சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் மூட்டுவலிக்காக வந்தார். ஆயுசு முழுக்கக் காவிரியில் வலை வீசியவர். பேச்சுவாக்கில் மீன் பெயர்களை அடுக்கினார். நான் மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுத எழுத, பத்தொன்பது பெயர்கள். எந்த மாதம் எது ஏறும், எந்தப் பாறை இடுக்கில் எது கிடக்கும், எல்லாம் மனப்பாடம்.

கூட வந்த பேரனிடம், "உனக்கு எத்தனை தெரியும் தம்பி?" என்றேன்.

ஜிலேபி, கட்லா, ரோகு, கெளுத்தி. நான்கு.

"அதுதான டாக்டர் இப்ப வலையில விழுது, பையன் என்ன பண்ணுவான்?" என்றார் பெரியவர்.

இரண்டே தலைமுறை. பதினைந்து பெயர் காணோம். அதில் எத்தனை மீன் ஆற்றிலும் காணோம் என்று சொல்ல நம்மிடம் சீட்டு இல்லை. அந்தத் தம்பியைப் பொறுத்தவரை காவிரி என்றாலே நாலு மீன்தான். அவன் எதையும் இழந்ததாக நினைக்கவே மாட்டான். எனக்குக் கவலை அங்கேதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள்.

அடுத்த முறை படுகை அணைக்குப் போகும்போது, மீன்காரரிடம் விலை கேட்பதோடு, "அண்ணா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப என்னென்ன மீன் கிடைச்சுது?" என்றும் கேளுங்க. வீட்டில் அப்பத்தா, அமுச்சி இருந்தால் வாய்க்கால் மேட்டுக் கீரைகளின் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்க. கிராம சபை கூடும்போது அந்த நோட்டோடு போய், "நம்ம ஊர் பல்லுயிர்ப் பதிவேட்டில் இதெல்லாம் இருக்குங்களா?" என்று ஒரு கேள்வி.

நூற்றைம்பது வருஷம் முன்னாடி கப்பலேறி வந்த சர்ஜன்கள் நம் மீனுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு எழுதினார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க நமக்கு ஒரு பஸ் டிக்கெட்கூட வேண்டாம்.

உங்க ஊர் ஆற்றில் இப்போது காணாமல் போன மீனோ செடியோ இருந்தால் கீழே எழுதுங்க. எல்லாவற்றையும் படிக்கிறேன்.