ஒரு ஸ்டேடியத்துக்குக் கீழே மூணு ஊர்

காலேஜ் படிக்கும்போது பிளாட்ஃபாரக் கடையில ஒரு நீலத் தொப்பி வாங்கினேன். முன்னாடி ‘எல்.ஏ.’ன்னு ரெண்டு எழுத்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும். அது லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியோட சின்னம்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, கதை லாஸ் ஏஞ்சலீஸ்ல ஆரம்பிக்கவே இல்லை.

ஆரம்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி. தெருவெல்லாம் டிராம் ஓடின இடம். டிராம்ல அடிபடாம ஒதுங்கி ஓடுறவங்கதான் ‘டிராலி டாட்ஜர்ஸ்’. அந்தப் பட்டப்பெயர் அணிக்கு ஒட்டிக்கிச்சு. 1913-இல் அவங்களுக்காக எபெட்ஸ் ஃபீல்டு மைதானம் திறந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அங்கே களமிறங்கி, மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இருந்த நிறத்தடையை உடைத்தார். 1955-இல் யாங்கீஸை ஜெயிச்சு முதல் வேர்ல்டு சீரிஸ் பட்டம். ரெண்டே வருஷத்துல அணி ஊரையே காலி பண்ணிடுச்சு.

ஏன்? மைதானம் பழசு, சின்னது. ரசிகர்கள் புறநகருக்குக் குடிபோய் கார்ல வர ஆரம்பிச்சாங்க, பார்க்கிங் கொஞ்சம்தான். 1953-இல் பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்கு மாறிய பிரேவ்ஸ் அணிக்குக் கூட்டம் அலைமோதினதையும் உரிமையாளர் வால்டர் ஓமாலி பார்த்தார். என் செலவுல புது ஸ்டேடியம் கட்டுறேன், அட்லாண்டிக் அவென்யூ, ஃபிளாட்புஷ் அவென்யூ சந்திக்கிற இடத்துல நிலத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கன்னு கேட்டார். நகரத்தின் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்துட்டார். தனியார் ஸ்டேடியத்துக்காக அரசு நிலம் எடுக்க முடியாது, குயின்ஸ் பகுதிக்கு வேணா போங்கன்னார். 1957 செப்டம்பர் 24, எபெட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டம். வந்தவங்க 6,702 பேர். 1960-இல் மைதானத்தை இடிச்ச இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரியே பெயின்ட் அடிச்சிருந்தாங்க.

பெரும்பாலும் கதையை இங்கேயே முடிச்சிடுவாங்க: பாவம் புரூக்ளின். என்னால அப்படி முடிக்க முடியலை.

ஏன்னா லாஸ் ஏஞ்சலீஸ் கொடுத்த இடத்துக்கும் ஒரு கதை இருக்கு. அது சாவேஸ் ரவீன். பாலோ வெர்டே, லா லோமா, பிஷப்னு மூணு குடியிருப்புகள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். 1950-இல் அவங்களுக்கு நோட்டீஸ் வந்தது பேஸ்பாலுக்காக இல்லை. அரசுக் குடியிருப்பு கட்டப்போறோம், கட்டினதும் உங்களுக்குத்தான் முதல் உரிமைன்னு சொன்னாங்க. அதை நம்பி பலரும், வேற வழியில்லாம சிலரும் வீட்டை விட்டாங்க. அப்புறம் அரசுக் குடியிருப்புன்னாலே கம்யூனிசம்னு பிரசாரம் கிளம்புச்சு. 1953-இல் அந்தத் திட்டத்தை எதிர்த்தவர் மேயரானார். திட்டம் ரத்து.

சாஃப்ட்வேர்ல ஒரு மாற்றத்தைக் கைவிட்டா, பழைய நிலைக்கே திருப்பிடுவோம். ரோல்பேக். இங்கே திட்டம் மட்டும்தான் ரத்தாச்சு, வீடு திரும்பி வரலை. பொதுப் பயன்பாட்டுக்குன்னு நகராட்சி கைக்கு வந்த நிலம் கடைசியில டாட்ஜர்ஸுக்குப் போச்சு. 1958 ஜூன் வாக்கெடுப்புல அந்த ஒப்பந்தம் மயிரிழையில் பிழைச்சது. 1959 மே மாசம், போகமாட்டோம்னு நின்ன அரேச்சிகா குடும்பத்தை போலீஸ் வெளியேத்துச்சு. ஒரு பெண்ணை கைகால் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனது டிவியிலயே வந்தது. அந்தக் குடும்பத்துக்கு வேற வீடுகளும் இருக்குன்னு செய்தி வந்ததும் ஊரோட அனுதாபம் வடிஞ்சிடுச்சு. மத்த நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பத்தி யாரும் கேட்கலை. 1962 ஏப்ரல் 10, டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது.

யோசிச்சுப் பாருங்க. புரூக்ளின்ல முடியாதுன்னு சொன்ன அதே விஷயம், லாஸ் ஏஞ்சலீஸ்ல சுத்துவழியா நடந்திருக்கு. அணியை இழந்தவங்களைப் பத்தி ஏகப்பட்ட புத்தகம் இருக்கு. வீட்டை இழந்தவங்க கதை அதுல பாதிகூட வெளியே வரலை.

அந்தத் தொப்பி இன்னும் என்கிட்ட இருக்கு. இப்போ யாராவது அது என்னன்னு கேட்டா, அணி பெயரோட அந்த மூணு ஊர் பெயரையும் சேர்த்துச் சொல்றேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.