உயரத்தைத் தேடிய மலையுச்சி: வடநார்வேயில் துருவ ஒளி நோக்கு நிலையங்களின் இடத்தேர்வு (1838–1928)

ஆய்வுச் சுருக்கம்

நார்வேயின் ஆல்டா வட்டாரத்தில் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாகத் துருவ ஒளி நோக்கு நிலையங்கள் அடுத்தடுத்து அமைக்கப்பட்டன. அவற்றின் இடத்தேர்வைத் தீர்மானித்தவை வானிலையும் போக்குவரத்தும் மட்டுமல்ல. துருவ ஒளி எவ்வளவு உயரத்தில் தோன்றுகிறது என்பது பற்றி ஆய்வாளர்கள் முன்கூட்டியே கொண்டிருந்த கருத்தும் அதில் பங்கு வகித்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: துருவ ஒளி, ஹால்டே, பிர்க்லாண்ட், ஸ்டோர்மர், இடமாறு தோற்றம், அடிக்கோடு

முன்னுரை

துருவ ஒளி எங்கே மிகுதியாகத் தோன்றுகிறது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலப்படங்கள் வரையப்பட்டுவிட்டன. அமெரிக்கரான எலியாஸ் லூமிஸ் 1860இலும், ஹெர்மன் ஃபிரிட்ஸ் 1881இலும் வெளியிட்ட படங்கள், அவ்வொளி துருவத்தின் மீது குவியாமல் அதைச் சுற்றி ஒரு வளையப் பகுதியில் அமைவதைக் காட்டின. இப்படங்கள் மனிதர் கண்டு எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு வரையப்பட்டவை. எனவே மக்கள் வாழ்ந்த இடங்களையும் கப்பல்கள் சென்ற வழிகளையும் அவை ஓரளவு சார்ந்தே இருந்தன. நிலையம் அமைக்க விரும்பியவருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. வளையப் பகுதிக்குள், மனிதர் தங்கக்கூடிய இடம் எது என்பதே அவரது நடைமுறை வினா.

பொசெகோப்பும் அதன் வாய்ப்புகளும்

இவ்வினாவுக்கு அடிக்கடி கிடைத்த விடை ஆல்டா கடற்கழியின் கரையிலுள்ள பொசெகோப் என்னும் சிற்றூர். ஏறத்தாழ 70 பாகை வட அகலாங்கில் இருந்தும், வெப்பமான அட்லாண்டிக் நீரோட்டத்தால் அதன் கடல் குளிர்காலத்திலும் உறைவதில்லை. நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை அங்குக் கதிரவன் எழுவதில்லை. அருகிலுள்ள கோஃபியோர்டில் 1826இல் ஆங்கிலேயர் தொடங்கிய செப்புச் சுரங்கத்தின் பொருட்டு வீடுகளும் கப்பல் தொடர்பும் உருவாகியிருந்தன. அறிவியல் வரலாற்று நூல்கள் இச்சுரங்கத்தைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. எனினும் வடகோடியில் ஒரு குளிர்காலம் முழுவதும் கருவிகளோடு தங்குவோருக்கு இத்தகைய குடியிருப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு அரசின் 'லா ரெஷெர்ஷ்' பயணத்தைச் சேர்ந்த லோட்டேன், பிராவே முதலியோர் 1838–39 குளிர்காலத்தை இங்கே கழித்தனர். 1882–83இல் நடைபெற்ற முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டில் நார்வே நாட்டு நிலையமும் இங்கேயே அமைந்தது. துருவ ஒளியின் தொடக்ககால ஒளிப்படத்தை 1892இல் பிரெண்டல், பாஷின் என்ற செருமானியர் இருவர் எடுத்ததும் இவ்விடத்தில்தான்.

இரண்டாவது நிலையம்

ஒளியின் உயரத்தை அளக்க ஒரு நிலையம் போதாது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இருவர் ஒரே கணத்தில் ஒரே கதிரை நோக்கினால், விண்மீன்களின் பின்னணியில் அது வெவ்வேறு இடங்களில் தோன்றும். இந்த இடமாறு தோற்றத்தின் கோணமும் இருவருக்கும் இடையிலான அடிக்கோட்டின் நீளமும் தெரிந்தால் உயரத்தைக் கணக்கிடலாம். ஆகவே 'எங்கே நிற்பது' என்ற வினா 'எவ்வளவு விலகி நிற்பது' என்று மாறுகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த சோஃபுஸ் துரோம்ஹோல்ட் 1882–83இல் பொசெகோப்புக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாமி மக்களின் ஊரான கௌதோகெய்னோவில் தங்கினார். பொசெகோப் நிலையத்தாரும் அவரும் முன்னரே குறித்துக்கொண்ட நேரங்களில் வானை நோக்கினர். அடிக்கோடு தாராளமானது, ஆனால் இடையே உடனடித் தொடர்பு இல்லை. கணத்துக்குக் கணம் உருமாறும் ஒளித்திரையில் இருவரும் நோக்கியது ஒரே கதிர்தானா என்ற ஐயம் எஞ்சியது. ஒளிப்படமும் அவருக்குக் கைகூடவில்லை. அவர் எடுத்த சாமி மக்களின் உருவப்படங்களே இன்று அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன.

அதே ஆண்டில் கிரீன்லாந்தில் ஆடம் பால்சன், ஆறு கிலோமீட்டருக்கும் குறைந்த அடிக்கோட்டைக் கொண்டு அளந்து, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான உயரங்களைக்கூட அறிவித்தார். பின்லாந்தின் லெம்ஸ்ட்ரோம், மலையுச்சியில் கம்பிவலை விரித்து, அதன் மேல் ஒளிக்கதிரை எழச் செய்ததாக உரைத்தார். துருவ ஒளி மலைமுகடுகளைத் தொடக்கூடும் என்ற கருத்து இவ்வாறு அறிவியல் உலகில் இடம்பெற்றது.

ஹால்டே

இப்பின்னணியில்தான் கிறிஸ்டியன் பிர்க்லாண்டின் (1867–1917) தேர்வைக் காண வேண்டும். அவர் கோஃபியோர்டுக்கு மேலே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஹால்டே மலையில் அரசின் நிதியுதவியுடன் 1899இல் நிலையம் கட்டினார். 3.4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தால்விக் உச்சியில் இரண்டாம் நிலையம் எழுந்தது. ஒளி தாழ இறங்கி வருமாயின் அதற்குள்ளேயே நின்று அளக்கலாம். அவ்வாறாயின் குறுகிய அடிக்கோடும் போதும். அடிக்கோட்டின் நீளமே உயரம் குறித்த கருதுகோளை எடுத்துரைக்கிறது.

ஒளி இறங்கி வரவில்லை. துருவ ஒளியின் கீழ்விளிம்பு பொதுவாக 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டியது என்பது இன்று அறிந்த செய்தி. அவ்வுயரத்துக்கு 3.4 கிலோமீட்டர் அடிக்கோடு தரும் கோணம் மிகுதியாகக் கொண்டாலும் 2 பாகை மட்டுமே; முழுநிலவின் அகலத்தைப் போல் நான்கு மடங்கு. கூரிய விளிம்பில்லாமல் அசையும் ஒளியில் இதை நம்பகமாக அளப்பது அரிது. மலைமுகட்டை ஒளி தொடுவதில்லை என்ற எதிர்மறை முடிவும் ஒரு முடிவே என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் அதன் விலை சிறிதன்று. உதவியாளர் எலிசார் போயே 1900இல் பனிச்சரிவில் உயிரிழந்தார். அதற்கு முன்னைய ஆயத்தப் பயணத்தில் மருத்துவ மாணவரான பியோர்ன் ஹெல்லன்–ஹான்சன் பனிக்கடியால் விரல்களை இழந்து மருத்துவப் படிப்பைக் கைவிட்டார். பின்னாளில் புகழ்பெற்ற கடலியலாளரானார். இவ்விரு செய்திகளையும் வீரக்கதையின் அணிகளாக எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. அவை இடத்தேர்வின் கணக்கில் சேரவேண்டியவை.

பிர்க்லாண்ட் தம் அளவுகோலை மாற்றிக்கொண்டார். 1902–03இல் கோஃபியோர்டு, ஐசுலாந்தின் தீராஃபியோர்டு, ஸ்பிட்ஸ்பெர்கனின் ஆக்சல் தீவு, நோவயா செம்லியாவின் மாத்தோச்கின் நீரிணை ஆகிய நான்கு இடங்களில் நிலையங்களை நிறுவினார். இங்கு நோக்கம் உயரமன்று. காந்தப் புயலின்போது மின்னோட்டம் எங்கே எத்திசையில் பாய்கிறது என்பதே. அதற்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி தேவைப்பட்டது, மலையுச்சி தேவைப்படவில்லை.

ஸ்டோர்மரின் தொலைபேசி

உயர வினாவுக்குத் தெளிவான விடை கண்டவர் கணிதப் பேராசிரியர் கார்ல் ஸ்டோர்மர். 1910இல் அவர் பொசெகோப்பின் சமதளத்துக்கே திரும்பினார். விரைவொளி வில்லையுடைய கருவியால் சில நொடிகளிலேயே படமெடுக்க முடிந்தது. இரு நிலையங்களும் தொலைபேசியால் இணைக்கப்பட்டிருந்ததால் ஒரே கணத்தில் மூடியைத் திறக்க இயன்றது. தொடக்கத்தில் 4.3 கிலோமீட்டராக இருந்த அடிக்கோட்டை 1913இல் 27.5 கிலோமீட்டராக நீட்டினார். கோணம் ஏறத்தாழ 15 பாகை அளவுக்கு உயர்ந்தது. படத்தில் பதிந்த விண்மீன்களே அளவுகோலாயின. துரோம்ஹோல்ட்டுக்குத் தொலைவு இருந்தது, தொடர்பு இல்லை. ஹால்டேயில் தொலைவு போதவில்லை. தொலைவையும் கணப்பொருத்தத்தையும் ஒருங்கே தந்தது தொலைபேசிக் கம்பி. நல்ல அடிக்கோடு அமைய இரு முனைகளையும் அக்கம்பி எட்ட வேண்டியிருந்தது. உயரமான இடம் என்பது பொருட்டாக இருக்கவில்லை.

ஹால்டே 1912 முதல் நிலையான ஆய்வகமாகச் செயற்பட்டது. குரோக்னெஸ், டெவிக் ஆகியோர் குடும்பத்துடன் அங்கு வாழ்ந்து காந்தப் பதிவுகளையும் வானிலைக் குறிப்புகளையும் தொடர்ந்தனர். 1926இல் அது கைவிடப்பட்டது. அதன் பணியை ஏற்ற துருவ ஒளி ஆய்வகம், ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் துரோம்சோ நகரில் 1928இல் நிறுவப்பட்டது. துறைமுகமும் தந்தித் தொடர்பும் உடைய நகரம் அது. ஹால்டேயின் கட்டடங்களை 1944இல் பின்வாங்கிய செருமானியப் படையினர் எரித்தனர். பின்னர்ச் சீரமைக்கப்பட்ட நிலையக் கட்டடம் இன்று மலையேறுவோர் தங்குமிடமாக உள்ளது.