எழுத்தாக ஒட்டியதும் தரவாகக் கட்டியதும்

சர்வர்களைப் பராமரிப்பவர்களிடம் நெடுநாளாக ஒரு சலிப்பு உண்டு. எந்தக் கான்ஃபிக் கோப்பும் தொடக்கத்தில் பெயரும் மதிப்புமாகப் பத்து வரிதான் இருக்கும். கொஞ்ச காலத்தில் அதற்குள் மாறிகள் வரும், பிறகு நிபந்தனைகள், பிறகு சுழற்சிகள். கடைசியில் யாரும் உட்கார்ந்து வடிவமைக்காத ஒரு நிரல்மொழியாக அது நிற்கும். மைக் ஹாட்லோ என்ற நிரலாளர் 2012-இல் இந்தப் போக்கை ஒரு கடிகாரமாக வரைந்து காட்டினார். நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த மதிப்புகளில் கிளம்பும் முள் கான்ஃபிக் கோப்பு, விதித்தொகுப்பு, தனி மொழி என்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. படம் கச்சிதமானதுதான். ஆனால் ஒரே தேவையிலிருந்து பிறந்த கருவிகளில் சில ஏன் பயன்படுத்துவோரைப் படாதபாடு படுத்தின, சில ஏன் தாக்குப்பிடித்தன என்பதற்கு அதில் விடை இல்லை. கான்ஃபிக்குக்குள் நிரல் நுழையலாமா கூடாதா என்பதே சிக்கலின் வேர் என்று பலரும் கருதுகிறார்கள். வரலாறு வேறு இடத்தைச் சுட்டுகிறது. ஒரு கருவி தான் உண்டாக்கும் பொருளை வெறும் எழுத்துகளின் வரிசையாகப் பார்க்கிறதா, அமைப்புள்ள தரவாகப் பார்க்கிறதா என்பதே பெரும்பாலும் அதன் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது.

எழுத்தை எழுத்தால் மாற்றும் மரபு பழையது. பிரிட்டிஷ் கணினியியலாளர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1965-இல் ஜிபிஎம் என்ற பொதுப்பயன் மேக்ரோ கருவியை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த வழியில் வந்ததுதான் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1977-இல் தந்த எம்4. அதன் வேலை எளிது: உள்ளே வரும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே போகும், தெரிந்த மேக்ரோவின் பெயர் வந்தால் அதை எடுத்துவிட்டு அதன் விரிவை வைக்கும், அந்த விரிவையும் மறுபடி படிக்கும். வெளியே வருவது சி நிரலா, ஷெல் கட்டளையா, கடிதமா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பெயரும் தேதியும் மட்டும் காலியாக விட்டு அச்சடித்துவைத்த கல்யாணப் பத்திரிகையைப் போன்றது இந்த முறை. நிரப்புகிறவர் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயரை எழுதினாலும் அட்டை தடுக்காது. எதற்கும் பொருந்தும் என்ற இந்தக் குணமே எம்4-இன் பலம். பிற்பாடு வந்த தொல்லைகளுக்கும் அதுவே காரணம்.

அந்தத் தொல்லை முதலில் பெரிய அளவில் தெரிந்தது மின்னஞ்சலில். பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலை எழுதிய 1980-களின் தொடக்கத்தில் அர்பாநெட், பெர்க்நெட், யுயுசிபி என்று வலையமைப்புகள் பலவாக இருந்தன; ஒவ்வொன்றிலும் முகவரி எழுதும் முறை வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் கான்ஃபிக் கோப்பில் வைத்தது அன்றைய நிலைமைக்கு நியாயமான முடிவு. ஆனால் அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒற்றை எழுத்துக் கட்டளையில் தொடங்கியது. விதியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரித்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு டேப். டாலர் குறியும் நட்சத்திரமும் கோண அடைப்புமாக வரிகள் நீண்டன. 1993-இல் வந்த 8-ஆம் பதிப்புக் காலத்தில், இதைக் கையால் எழுதாமல் எம்4 மேக்ரோக்களை வைத்து உண்டாக்குவதே வழக்கமாயிற்று. சிக்கலான மொழி ஒன்றுக்கு மேல் இன்னொரு மொழி உட்கார்ந்தது. நிர்வாகி மேல்மொழியில் எழுதினார். பிழை வந்தால் கீழ்மொழியில் தேடினார். சென்ட்மெயிலை விளக்கிய ஓரெய்லி நூலின் பிற்காலப் பதிப்புகள் ஆயிரம் பக்கத்தைத் தாண்டின.

இதே கதை ஆட்டோகான்ஃபிலும் நடந்தது. ஒரே நிரல் பல யூனிக்ஸ் வகைகளில் ஓட வேண்டும் என்பதற்காக டேவிட் மெக்கென்ஸி 1991-இல் தொடங்கிய இந்தக் கருவி, எம்4 மேக்ரோக்களிலிருந்து ஷெல் நிரலை உண்டாக்கியது. எம்4-இன் வழக்கமான மேற்கோள் குறிகள் ஷெல்லுக்கும் சொந்தமானவை என்பதால் ஆட்டோகான்ஃப் அவற்றைச் சதுர அடைப்பாக மாற்றிக்கொண்டது. ஆனால் சி மொழியின் அணிகளுக்கும் ஷெல்லின் தேடல் வடிவங்களுக்கும் சதுர அடைப்பு வேண்டும். ஆகவே ஓர் அடைப்பு வேண்டிய இடத்தில் இரண்டு போட்டார்கள். அதுவும் உதவாத இடத்தில் @<:@ என்று எழுதினால் இறுதி வெளியீட்டில் அது இடது சதுர அடைப்பாகும் என்று விதி வகுத்தார்கள். ஓர் எழுத்தை எழுத நான்கு எழுத்து. இதை மெக்கென்ஸியின் கைத்திறன் குறைவு என்று சொல்ல முடியாது. எதை உண்டாக்குகிறோம் என்று தெரியாத கருவிக்கு, எங்கே எழுத்து முடிகிறது, எங்கே கட்டளை தொடங்குகிறது என்பதை மனிதர்தான் ஒவ்வொரு இடத்திலும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. காலியிடங்களை எழுத்தால் நிரப்பும் இந்த டெம்ப்ளேட் முறை இவ்வளவு மோசம் என்றால் வலைப்பக்கங்கள் எல்லாம் அதில்தானே ஓடுகின்றன? ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பிஎச்பி, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகர நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் வெளியான ஜாங்கோ, 2009-இல் வந்த மஸ்டாஷ் எல்லாமே டெம்ப்ளேட்டை நம்பியவை. உண்மைதான். மனிதக் கண் படிக்கப்போகும் பக்கத்துக்கு அது பொருத்தமான முறை. பக்கத்தில் எழுத்தே பெரும்பகுதி, நிரப்பும் இடம் குறைவு, சிறு பிசகைப் படிப்பவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் அங்கேயும் வெறும் எழுத்து என்ற பார்வை நெடுநாள் நிலைக்கவில்லை. பயனர் தட்டிய பெயருக்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்து வந்த தாக்குதல்களுக்குப் பிறகு, ஜாங்கோவின் 2008-ஆம் ஆண்டு 1.0 பதிப்பு நிரப்பப்படும் ஒவ்வொரு மதிப்பையும் தானாகவே எச்டிஎம்எல்லுக்கு ஏற்பப் பாதுகாப்பாக மாற்றத் தொடங்கியது. அதாவது, தான் உண்டாக்குவது எச்டிஎம்எல் என்பதை அது தெரிந்துகொண்டது. எஸ்கியூஎல் கேள்விகளை எழுத்தாக ஒட்டிய பழக்கம் போய், மதிப்புகளைத் தனியாக அனுப்பும் முறை வந்ததும் இதே பாடத்தால்தான்.

கான்ஃபிக் உலகம் அந்தப் பாடத்தை ஒருமுறை கற்று, பிறகு மறந்தது. 1998-இன் எக்ஸ்எம்எல், டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ஜேசன், 2001-இல் தொடங்கிய யாமல் ஆகியவை கோப்பை அமைப்புள்ள தரவாக நிறுத்தின. ஜேசனிலிருந்து குறிப்புரைகளையே கிராக்ஃபோர்டு நீக்கினார். அவற்றுக்குள் ஆட்கள் கட்டளைகளை ஒளித்துவைப்பதைப் பார்த்ததால் நீக்கியதாக அவரே பின்னர் விளக்கினார். பல சர்வர்களில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸை கூகுள் 2014-இல் வெளியிட்டபோது, எல்லாமே யாமல் அல்லது ஜேசன் தரவு என்பதில் உறுதியாக இருந்தது. அடுத்த ஆண்டே குபர்னெட்டீஸுக்கான தொகுப்பு மேலாளராக ஹெல்ம் வந்தது. அந்த யாமலை கோ மொழியின் எழுத்து டெம்ப்ளேட்டால் உண்டாக்கியது. யாமலில் உள்தள்ளல்தான் அமைப்பு. டெம்ப்ளேட்டுக்கோ உள்தள்ளல் வெறும் இடைவெளி. ஆகவே ஹெல்மில் எழுதுபவர், ஒரு பகுதியைச் செருகும்போது எத்தனை இடைவெளி விட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணி, அந்த எண்ணை ஒரு செயற்கூறுக்குக் கொடுக்க வேண்டும். எட்டுக்குப் பதில் ஆறு என்று போட்டால் கோப்பு உடையலாம். உடையாமல் வேறு பொருளில் ஓடவும் செய்யலாம். மதிப்புகள் தரவாக உள்ளே வருகின்றன, எழுத்தாக மாறுகின்றன, திரும்பவும் தரவாகப் படிக்கப்படுகின்றன. மேற்கோள் விடுபட்டால் 1.10 என்ற பதிப்பு எண் 1.1 ஆகும். யாமல் 1.1 விதிப்படி நார்வேயின் இரண்டெழுத்துக் குறியீடு 'இல்லை' என்ற மெய்-பொய் மதிப்பாகிவிடும். இந்த விபத்துகளெல்லாம் அந்தச் சுற்றுவழியில் நடப்பவை.

கூகுளுக்குள்ளேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. குபர்னெட்டீஸுக்கு மூத்த போர்க் அமைப்புக்கு பிசிஎல் என்ற கான்ஃபிக் மொழி வளர்ந்திருந்தது. 2015-இல் வந்த போர்க் கட்டுரையின்படி அதில் சுமார் 230 அளவுருக்கள். எழுதிக் குவிந்தவை கோடிக்கணக்கான வரிகள். அடுத்த ஆண்டு பிரெண்டன் பர்ன்ஸ், பிரையன் கிராண்ட், ஜான் வில்க்ஸ் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை வெளிப்படையாகவே முடிவு சொன்னது: கான்ஃபிக்கில் கணக்கீடு நுழைவதைத் தடுக்க முடியாது; அதை ஒப்புக்கொண்டு, கணக்கீட்டையும் தரவையும் தெளிவாகப் பிரியுங்கள்; தரவுக்கு ஜேசன், யாமல் போன்ற எளிய வடிவம் போதும்; கணக்கீட்டை முறையான நிரல்மொழியில் செய்யுங்கள். பின்வந்த கருவிகள் பலவும் இந்தப் பிரிவினையின் வெவ்வேறு வடிவங்களே. ஜேசன்னெட் தரவைக் கணக்கிட்டு ஜேசனாகத் தருகிறது. குபர்னெட்டீஸின் கட்டளைக் கருவியான குபெக்டிஎல்லுக்குள் 2019-இல் சேர்க்கப்பட்ட கஸ்டமைஸ், டெம்ப்ளேட்டே இல்லாமல் ஓர் அடிப்படைக் கோப்பின் மேல் திருத்தங்களை அடுக்குகிறது. மார்செல் வான் லோஹாய்சென் உருவாக்கிய கியூ மொழியில் வகையும் மதிப்பும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டு இடங்களில் முரணாகச் சொன்னால், பின்னது வெல்வதற்குப் பதிலாகப் பிழை வருகிறது. சர்வர் உள்கட்டமைப்பைக் கோப்புகளால் விவரிக்கும் டெராஃபார்ம் கூடத் தன் தொடக்க ஆண்டுகளில் கணக்கீடு அனைத்தையும் எழுத்துச் சரத்துக்குள் திணித்துவிட்டு, 2019-இன் 0.12 பதிப்பில்தான் அவற்றை நேரடிக் கோவைகளாக விடுவித்தது.

அப்படியானால் ஹெல்ம் ஏன் இன்னும் பரவலாக இருக்கிறது என்று கேட்கலாம். அதன் வெற்றி டெம்ப்ளேட்டில் இல்லை. பிறர் எழுதிய தொகுப்பை ஒரு கட்டளையில் நிறுவலாம், பதிப்பு ஏற்றலாம், பழுதானால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம் என்பதில் இருக்கிறது. கஸ்டமைஸும் கியூவும் அந்த விநியோக வசதியை மையமாக வைத்து எழுந்தவை அல்ல. தொகுப்பு மேலாளராக ஹெல்ம் ஈட்டிய மதிப்பை டெம்ப்ளேட் முறைக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்வது இரு வேறு கணக்குகளைக் கலப்பதாகும். இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: தரவைக் கணக்கிடத்தான் வேண்டும் என்றால் பைத்தானிலேயே எழுதிவிடலாமே? எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். ஆனால் முழு மொழி என்றால் வலையைத் தொடலாம், கடிகாரத்தைப் பார்க்கலாம், முடிவில்லாமல் ஓடலாம். நேற்று தந்த விடையை இன்று தர வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. பேசல் என்ற கட்டுமானக் கருவியின் ஸ்டார்லார்க் மொழி, பைத்தான் சாயலை வைத்துக்கொண்டு வரம்பற்ற சுழற்சியையும் தன்னையே அழைத்தலையும் விலக்கியது இதனால்தான். டால் என்ற கான்ஃபிக் மொழி, எந்தக் கோவையும் முடிந்தே தீரும் என்று உறுதி தருகிறது. கட்டுப்பாடு வேண்டியதே, அது சரியான இடத்தில் விழ வேண்டும். சுழற்சியைத் தடைசெய்துவிட்டு எழுத்தொட்டலை அனுமதிப்பது, கதவைப் பூட்டிவிட்டுச் சுவரைத் திறந்துவைப்பதற்கு ஒப்பு.

ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது எதில் வசதிகள் அதிகம், எதன் இலக்கணம் அழகு என்ற கேள்விகள் பின்னால் நிற்கலாம். முதலில் கேட்க வேண்டியவை வேறு: இது வெளியிடுவது யாமல் என்று இதற்குத் தெரியுமா? தவறான மதிப்பை உண்டாக்கும் முன்பே மறுக்குமா, ஓடத் தொடங்கிய பிறகுதான் உடையுமா? பிழை எழுதிய வரியைக் காட்டுமா, உண்டான கோப்பின் வரியைக் காட்டுமா? மனிதர் படிக்கும் கடிதத்துக்கும் வலைப்பக்கத்துக்கும் எம்4-இன் வாரிசுகள் இன்னும் பொருத்தமானவையே. மற்றோர் எந்திரம் படிக்கப்போகும் கோப்புக்கு, பத்து வரியளவில் எதுவும் போதும். அதற்கு மேல் வளரும் என்று தெரிந்தால் தரவைத் தரவாகவே கையாளும் கருவியைத் தொடக்கத்திலேயே எடுப்பதுதான் மலிவு. சென்ட்மெயில் காலத்தில் அந்தத் தேர்வு நிர்வாகிகளுக்குக் கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது, எடுக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பை வரலாற்றின் மேல் போட முடியாது.