பிரித்தானிய விருத்தி உயிரியற் சங்கம்: ஆதரவும் கௌரவமும்

முட்டையொன்றிலிருந்து உறுப்புகள் யாவும் முறையாக அமைந்த உயிர் எவ்வாறு உருவாகின்றது என்னும் வினா அரிஸ்ரோட்டில் காலம் முதலாகக் கேட்கப்பட்டு வருவது. எனினும் இவ்வினாவை ஆராய்ந்தோர் இங்கிலாந்தில் நெடுங்காலம் தமக்கென ஓரிடமின்றியே இருந்தனர். விலங்கியற் பகுதிகளிற் சிலரும் உடற்கூற்றியற் பகுதிகளிற் சிலருமாகச் சிதறியிருந்த அவர்கள் 1948 இல் ‘இலண்டன் முளையவியலாளர் கழகம்’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். 1964 இல் அது விருத்தி உயிரியற் சங்கமாயிற்று. 1969 இல் பெயரின் முன்னே ‘பிரித்தானிய’ என்னும் அடைமொழி சேர்ந்தது. இப்பெயர் மாற்றத்தை வெறும் அலங்காரமாகக் கொள்ளலாகாது. முளையத்தின் உருவத்தை விவரித்தல் என்ற நிலையிலிருந்து, அவ்வுருவத்தை ஆக்கும் காரணிகளை வினாவுதல் என்ற நிலைக்குத் துறை நகர்ந்ததை அது காட்டுகின்றது.

ஆய்வாளனுக்குச் சங்கம் அளிக்கக்கூடிய முதலாவது ஆதரவு பதக்கமன்று. அவன் கூறுவதைக் கேட்கும் சபையும், அவன் எழுதுவதை அச்சேற்றும் சஞ்சிகையுமே. இவற்றுள் இரண்டாவதை வழங்கியது ‘உயிரியலாளர் கம்பனி’ என்னும் நிறுவனம். பணமுடையால் நின்றுவிடும் நிலையிலிருந்த பரிசோதனை உயிரியற் சஞ்சிகையொன்றைக் காப்பாற்றும் பொருட்டு, ஜோர்ஜ் பாக்கர் பிடர் என்னும் விலங்கியலாளர் 1925 இல் இதனை நிறுவினார். இக்கம்பனியின் சார்பில் முளையவியலுக்கும் பரிசோதனை உருவவியலுக்குமான சஞ்சிகை 1953 இலிருந்து வெளிவரலாயிற்று. 1987 இல் அது ‘டிவெலப்மன்ற்’ எனப் புதுப்பெயர் பெற்றது. சஞ்சிகைகளால் வரும் வருவாயிலிருந்து சங்கத்துக்கும் கம்பனி உதவி வருகின்றது.

இச்சஞ்சிகையின் 1962 ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே ஜோன் கேர்டனின் புகழ்பெற்ற கட்டுரை வெளியாயிற்று. வாற்பேயின் குடற்கலத்திலிருந்து கருவை எடுத்து, தன் கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையினுள் அவர் செலுத்தினார். அத்தகைய முட்டைகளுட் சில இயல்பான வாற்பேய்களாக வளர்ந்தன. குடற்கலமாகிவிட்ட பின்னரும் முழு உயிரையும் ஆக்குவதற்கான தகவல் கருவில் அழியாதிருக்கின்றது என்பது முடிவு. அமெரிக்காவில் பிறிக்ஸ், கிங் ஆகியோர் முன்னர் பெற்ற முடிவுகளுக்கு இது மாறாயிருந்தமையால் ஐயுற்றோர் பலர். நோபல் பரிசு 2012 இற்றான் கிடைத்தது. கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்!

சங்கம் தன் பெயராற் பதக்கம் வழங்கத் தொடங்கியதும் பிந்தியே. 1998 இல் ஏற்படுத்தப்பட்ட வாடிங்ரன் பதக்கம் முதன்முதலாகச் செரில் ரிக்கிளுக்கு அளிக்கப்பட்டது. முளையவியலையும் பரம்பரையியலையும் ஒருங்கிணைக்க முயன்ற கொன்ராட் வாடிங்ரனின் (1905 - 1975) நினைவாக அது அமைந்தது. (இவர் தம் மழலைப் பருவத்தைத் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டமொன்றிற் கழித்தவர்.) பதக்கம் பெறுபவர் ஆண்டுக் கூட்டத்தில் உரையாற்றுதல் மரபு. 1999 இல் இதனைப் பெற்றவர் றோசா பெடிங்ரன். 2001 இல், நாற்பத்தைந்தாம் வயதில், அவர் காலமானார்.

அவர் நினைவாகச் சங்கம் நிறுவிய பதக்கம் தனித்து நோக்கத்தக்கது. முதுபெரும் பேராசிரியருக்கன்றி, முந்திய ஆண்டில் ஏற்கப்பட்ட கலாநிதிப் பட்ட ஆய்வேடுகளுட் சிறந்ததை எழுதிய மாணவருக்கே அது உரியது. இதன் அருமையை உணர, துறையின் வரலாற்றில் இன்னும் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பேமனின் மாணவியாயிருந்த ஹில்டே மங்கோல்ட், நியூற்று எனப்படும் வாலுடைய ஈரூடகவாழியின் முளையத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, வேற்றின நியூற்றின் முளையத்தில் ஒட்டினார். ஒட்டிய இடத்தில் இரண்டாவது முளையமொன்று எழுந்தது. அதன் பெரும்பகுதி ஏற்ற முளையத்தின் கலங்களாலேயே ஆகியிருந்தது. ‘ஒழுங்காக்கி’ என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. பரிசோதனையை வகுத்தவர் ஸ்பேமன் என்பது உண்மையே. ஆயினும் அக்காலத்தில் அவரது ஏனைய மாணவர் தம் ஆய்வேடுகளைத் தனித்தே வெளியிட, 1924 இல் வெளிவந்த இக்கட்டுரையில் மட்டும் ஆசிரியரின் பெயர் முன்னின்றது. மாணவி அதனால் மனம் வருந்தினார் என்பதை உடன்மாணவராயிருந்த விக்ரர் ஹம்பேகர் பின்னாளிற் பதிவு செய்துள்ளார். அதே ஆண்டு, வீட்டில் நேர்ந்த தீ விபத்தில் மங்கோல்ட் இறந்தார், வயது இருபத்தைந்து. 1935 இல் நோபல் பரிசு ஸ்பேமனுக்குக் கிடைத்தது.

எழுபது ஆண்டுகளின் பின், 1994 இல், சுண்டெலி முளையத்திலும் அத்தகைய ஒழுங்காக்கி உண்டென்பதை மாற்றொட்டினாற் காட்டியவர் பெடிங்ரனே. அம்முடிவும் ‘டிவெலப்மன்ற்’ சஞ்சிகையிலேயே வெளியாயிற்று. மாணவரின் ஆய்வேட்டுக்கென அமைந்த பதக்கம் இவர் பெயரைத் தாங்குவது தற்செயலாயினும் மிகப் பொருத்தமானது. ஓவியத்திலும் வல்லவரான அவர் வரைந்த சுண்டெலிகளே அப்பதக்கத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

பிற்காலத்திற் கௌரவங்கள் பெருகின. கோழிக்குஞ்சின் சிறகில் விரல்கள் தத்தம் இடத்தை ‘அறியும்’ முறை பற்றி 1975 இல் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் மூவர்: ரிக்கிள், டெனிஸ் சமர்பெல், லூயிஸ் வொல்பேட். இம்மூவர் பெயராலும் சங்கம் தனித்தனியே கௌரவங்களை ஏற்படுத்தியுள்ளது. அவற்றுள் 2016 முதல் வழங்கப்படும் ரிக்கிள் பதக்கம் ஆய்வு வாழ்வின் இடைக்கட்டத்திலுள்ள பெண் விஞ்ஞானிகளுக்குரியது. இளம்பருவத்திற் கணிசமாக இருக்கும் பெண்கள் உயர்பதவிகளிற் குறைந்துபோவது அந்த இடைக்கட்டத்திலாதலால் இத்தெரிவு கருத்துடையது. ஆயினும் மூன்று கௌரவங்கள் ஒரே ஆய்வுகூடத்தின் வழிவந்தவர்களை நினைவூட்டுவது, சங்கத்தின் பார்வை எவ்வளவு பரந்தது என்ற வினாவையும் எழுப்பாமலில்லை.

பதக்கத்திலும் பயன் மிக்கது, ஆய்வு மாணவர் கூட்டங்களுக்குச் செல்ல வழங்கப்படும் பயணக் கொடையே எனலாம். பட்டம் பெறாத மாணவர் கோடை விடுமுறையில் ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிய உதவும் நிதியும் உண்டு. அது கேர்டனின் பெயரைத் தாங்குகின்றது. பாடசாலையில் உயிரியற் பாடத்தில் 250 மாணவருட் கடைசியாக நின்றவர் அவர்.