பழைய விதிநூல்களும் அவற்றின் மின்வடிவங்களும்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மேசைப் பாத்திர விளையாட்டுகளில் புதிய பதிப்பு வெளிவந்த பின்னரும் பழைய விதிநூல்கள் வழக்கொழிவதில்லை. இன்று அவை இரு மின்வடிவங்களில் பயன்படுகின்றன. ஒன்று, அச்சுப் பக்கத்தின் மின்வருடல். மற்றொன்று, பழைய விதிகளைப் புதிய சொற்களில் எடுத்தெழுதிய மறுவாக்க நூல். முன்னது வரலாற்றுச் சான்று என்பதையும், பின்னது பயன்பாட்டு நூல் என்பதையும், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பது ஆய்வில் பிழைக்கு வழிவகுக்கும் என்பதையும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பதிப்பு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அவருள் ஒருவர் நடுவராக இருந்து சூழலை விவரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் செயலைக் கூற, ஐயத்திற்குரிய செயலின் விளைவைப் பகடை தீர்மானிக்கும் விளையாட்டே மேசைப் பாத்திர விளையாட்டு எனப்படுகிறது. இதற்குப் பலகையும் காய்களும் கட்டாயமில்லை, விதிநூலே அடிப்படை. எனவே விதிநூலின் பதிப்பு வரலாறே இவ்விளையாட்டின் வரலாறாகவும் அமைகிறது.

பதிப்புகளின் பெருக்கம்

கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்னும் போர் விளையாட்டு விதிநூல் 1971இல் வெளிவந்தது. அதனைத் தொடக்கத்தில் பயன்படுத்தி டேவ் ஆர்னசன் தம் நண்பர்களுடன் நடத்திய பிளாக்மூர் என்னும் தொடர் விளையாட்டிலிருந்து புதிய வகை ஒன்று உருவாயிற்று. கைகாக்ஸும் ஆர்னசனும் இணைந்து ஆக்கிய விதிகளை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம், 1974இல் ஒரே பெட்டியில் மூன்று சிறுநூல்களாக வெளியிட்டது. முதல் அச்சில் 1000 படிகள் வெளிவந்தன.

1977 முதல் இந்நூல் இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று, 1977க்கும் 1979க்கும் இடையே மூன்று பெருநூல்களாக வந்த அட்வான்ஸ்ட் கிளை. இதன் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தது. மற்றொன்று, தொடக்க நிலையினருக்கான பேசிக் கிளை. இதனை 1977இல் எரிக் ஹோம்ஸும், 1981இல் டாம் மால்ட்வேயும், 1983இல் ஃபிராங்க் மென்ட்சரும் திருத்தியமைத்தனர். 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டிஎஸ்ஆரை வாங்கி, 2000இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. நான்காம் பதிப்பு 2008இலும் ஐந்தாம் பதிப்பு 2014இலும் வந்தன; 2024இல் ஐந்தாம் பதிப்பின் நூல்கள் திருத்தம் பெற்றன.

ஒரே பதிப்பின் அச்சுகளுக்கு இடையிலும் பாடவேறுபாடு உண்டு. 1974ஆம் ஆண்டு நூலில் டோல்கீனின் படைப்புலகைச் சார்ந்த ஹாபிட் என்னும் பெயர் இடம்பெற்றிருந்தது; உரிமையாளர் தரப்பின் எதிர்ப்பால் பிந்தைய அச்சுகளில் அது ஹாஃப்லிங் என மாற்றப்பட்டது. 1980இல் வெளியான டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் நூலின் முதல் அச்சுகளில் இருந்த இரு புனைவுலகத் தொன்மப் பகுதிகள் பின்னர் நீக்கப்பட்டன. ஆகவே நூற்பெயரும் பதிப்பும் மட்டும் குறிப்பது ஆய்வாளருக்குப் போதுமானதன்று.

பழைய விதிகளின் தனித்தன்மை

பிந்தைய பதிப்பு முந்தையதன் செம்மையாக்கம் என்று கருதுவது இயல்பு. விதிகளை ஒப்பிட்டால் அக்கருத்து முழுமையாகப் பொருந்தவில்லை. 1974ஆம் ஆண்டு நூலிலும் 1981ஆம் ஆண்டுப் பேசிக் நூலிலும், மீட்டு வரும் புதையலில் ஒரு பொற்காசு மதிப்புக்கு ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். அரக்கரை வெல்வதால் கிடைப்பது ஒப்பீட்டளவில் குறைவு. ஆகவே மோதலைத் தவிர்த்துப் பொருளை மட்டும் கவர்ந்து வெளியேறுவதே அறிவுடைய செயலாயிற்று. 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்விதியை விருப்பத் தேர்வாக்கியது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு இடர்களை வெல்வதற்கே புள்ளி வழங்கியது. இம்மாற்றத்தால் விளையாடுவோரின் நோக்கமே மாறியது. பழைய நூலை நாடுவோர் பழமைப் பற்றால் மட்டும் நாடுவதில்லை. வேறொரு விளையாட்டை நாடுகின்றனர்.

மறுவாக்க நூல்களின் தோற்றம்

அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை என்பது வெளிப்பாட்டைக் காக்கும், முறைமையைக் காப்பதில்லை. கணக்குப்பதிவு நூல் ஒன்றைப் பற்றிய பேக்கர் எதிர் செல்டன் வழக்கில் 1879இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை நிலைநாட்டியது. இதன்படி விளையாட்டின் விதிமுறையை வேறு சொற்களில் எழுத இடமுண்டு. எனினும் முறைமை எங்கு முடிகிறது, வெளிப்பாடு எங்குத் தொடங்குகிறது என்பது வழக்குக்குரிய வினாவாகவே இருந்தது.

2000இல் விசார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட திறந்த விளையாட்டு உரிமம் இந்நிலையை மாற்றியது. அது மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைப் பிறர் பயன்படுத்த இசைவளித்தது. அத்தொகுப்பின் கலைச்சொற்கள் பலவும் பழைய பதிப்புகளுக்கும் பொதுவானவை. ஆகவே அச்சொற்களைக் கொண்டு பழைய விதிகளை மீண்டும் எழுத வழி பிறந்தது. அட்வான்ஸ்ட் முதற்பதிப்பை மறுவாக்கம் செய்த ஆஸ்ரிக் 2006இல் வெளிவந்தது. பேசிக் கிளையைச் சார்ந்த லேபிரிந்த் லார்ட் 2007இலும், 1974ஆம் ஆண்டு நூலைச் சார்ந்த சோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி 2008இலும் வந்தன. விளையாடுவோர் இவற்றை ரெட்ரோ குளோன் என்று அழைக்கின்றனர்.

மின்வருடலின் நிலையின்மை

பழைய நூல்களின் மின்வருடல்கள் பிடிஎஃப் வடிவில் முறைப்படி விற்கப்பட்டு வந்தன. 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் நிறுவனம் தன் பிடிஎஃப் விற்பனை முழுவதையும் நிறுத்தியது. நான்காம் பதிப்பைச் சார்ந்த புதிய நூல் ஒன்று இணையத்தில் இசைவின்றிப் பகிரப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளோடு இம்முடிவு வந்தது. புதிய நூலின் சிக்கலுக்காக, அச்சில் இல்லாத பழைய நூல்களும் ஒரே நாளில் விற்பனையிலிருந்து மறைந்தன. 2013 ஜனவரியில்தான் அவை மீண்டும் விற்பனைக்கு வரத் தொடங்கின.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்த இவ்விடைவெளியில், பழைய விளையாட்டை விளையாட விரும்பிய புதியவருக்கு முறையான வழியாக எஞ்சியவை பயன்படுத்தப்பட்ட அச்சுப்படிகளும் மறுவாக்க நூல்களுமே. 2012இல்தான் அட்வான்ஸ்ட் முதற்பதிப்பின் நூல்கள் மறு அச்சாயின. ஒரு நூலின் வாழ்வு உரிமையாளர் ஒருவரின் முடிவை மட்டும் சார்ந்திருக்கும்போது நேரும் இடர் இதனால் விளங்குகிறது.

சான்றும் பயன்பாடும்

மறுவாக்க நூல் பழைய நூலின் படி அன்று. மால்ட்வேயின் 1981ஆம் ஆண்டு நூலில் சமயகுரு பாத்திரத்திற்கு முதல் நிலையில் மந்திரம் கிடையாது. லேபிரிந்த் லார்ட் நூலில் முதல் நிலையிலேயே ஒரு மந்திரம் உண்டு. 1981ஆம் ஆண்டு நூலில் எல்ஃப், குள்ளர் போன்ற இனங்களே தனிப் பாத்திர வகைகள். 2007இல் வெளிவந்த பேசிக் ஃபேண்டசி நூலில் இனமும் வகையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பழைய நூல்களில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு மிகும். 2000க்குப் பின் அது தலைகீழாயிற்று. 2019இல் வெளிவந்த ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இரு எண்களையும் அருகருகே தருகிறது. பழைய நூல்களில் தற்காப்பு உருட்டல் ஐவகைப்படும். சோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி அதனை ஒன்றாக்கியது.

இவை பயன்பாடு கருதிய தேர்வுகள். குறைகள் எனக் கொள்ளத்தக்கன அல்ல. எனினும், 1981இல் எவ்வாறு விளையாடினர் என்னும் வினாவுக்கு 2007ஆம் ஆண்டு நூலைச் சான்றாகக் காட்டுபவர், பின்வந்தவரின் தீர்வை முன்னவரின் கருத்தாக்கிவிடுகிறார். பழைய நூல் தெளிவின்றி விட்ட இடங்களே நடுவர்களை உள்ளூர் மரபுகள் படைக்கத் தூண்டின; மறுவாக்க நூல் அவ்விடங்களை நிரப்பும்போது அவ்வரலாறு மறைகிறது. மின்வருடலும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அது பெரும்பாலும் ஓர் அச்சுப்படியின் உருவம் மட்டுமே. எழுத்துணரி வழிப் பெறப்பட்ட பாடத்தில் அட்டவணை நிரல்கள் கலந்துவிடக்கூடும். எனவே எண்களைப் பக்க உருவத்தோடு ஒப்பிடுதல் வேண்டும்.

2023இன் திருப்பம்

2023 ஜனவரியில், திறந்த உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று வெளியில் கசிந்தது. பழைய உரிமம் செல்லாததாகுமோ என்ற அச்சம் எழுந்தது. அதனைச் சார்ந்திருந்த மறுவாக்க நூல்களின் எதிர்காலமும் கேள்விக்குள்ளாயிற்று. கடும் எதிர்ப்பின் பின் ஜனவரி 27 அன்று, பழைய உரிமம் தொடரும் என்றும், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படும் என்றும் நிறுவனம் அறிவித்தது. 2009இல் மின்வருடலுக்கு நேர்ந்தது, 2023இல் மறுவாக்க நூல்களுக்கும் நேரும் நிலை உருவாகி விலகியது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. பழைய விதிநூல் புதியதன் முதிராத வடிவம் அன்று; தனக்கென நோக்கமுடைய நூல். மின்வருடல் நூலின் பாடத்தைக் காக்க, மறுவாக்கம் அதன் வழக்கைக் காக்கிறது. எனினும் இரண்டின் இருப்பும் உரிமையைச் சார்ந்தே அமைகிறது. ஆய்வாளர் தாம் மேற்கோள் காட்டும் விதி எந்தப் பதிப்பின் எந்த அச்சைச் சேர்ந்தது என்பதையும், கண்டது மூலத்தையா மறுவாக்கத்தையா என்பதையும் குறித்தல் வேண்டும். விளையாடுவோருக்கு மறுவாக்கமே போதுமானதாகலாம். வரலாறு எழுதுவோருக்கு அது போதாது.